கிட்டாரைக் கடையில் விட்டுவிட்டு வருகிறவர்கள் கவனத்துக்கு

துபாயிலிருந்து அத்தான் ஒரு செட் பிக்கப் வாங்கி வந்து தந்தார். எலக்ட்ரிக் கிட்டாரில் ஸ்ட்ரிங்குக்கு அடியில் இருந்து அதன் அதிர்வைப் பிடித்து ஆம்புக்கு அனுப்புகிற காந்தச் சுருள்தான் பிக்கப். என் ஸ்ட்ராட் (Stratocaster) வகை கிட்டாருக்கு மூன்று சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்), அல்னிகோ என்ற உலோகக் கலவைக் காந்தம். எனக்கு அப்போது சால்டரிங் பழக்கமில்லை, கிறிஸ்மஸ் கேரலுக்கு இரண்டு வாரம்தான் இருந்தது. நாகர்கோவிலில் ஒரு கடையில் கிட்டாரையும் பிக்கப் பெட்டியையும் கொடுத்து, "அப்படியே செட்டப்பும் பண்ணிருங்கண்ணே" என்று சொல்லிவிட்டுக் கருங்கலுக்கு பஸ் ஏறினேன். நெக்கையும் ஸ்ட்ரிங் உயரத்தையும் சரிபார்த்து வைப்பதுதான் செட்டப். கூலி 1,800 ரூபாய். ஒரு துண்டுச்சீட்டுகூட வாங்கவில்லை.

ஐந்து நாள் கழித்து ஆம்பில் செருகிப் பார்த்தால், பழைய பிக்கப்பே தேவலை. ஆறாவது ஸ்ட்ரிங்கைச் சும்மா தட்டினாலே முதல் ஃப்ரெட்டில் (நெக்கில் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) உரசி ஜிர்ரென்றது. கூடவே உறுமல். சிங்கிள் காயில் என்றால் கொஞ்சம் உறுமும்தான். ஆனால் ஸ்ட்ரிங்கில் கை வைத்ததும் அது குறைய வேண்டும். இங்கே குறையவே இல்லை.

அத்தான் வாங்கிய அன்று வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தைத் தேடி எடுத்தேன். அதில் மூன்றாவது ஸ்ட்ரிங்குக்கான காந்தம் எம்பி நிற்கிறது, இரண்டாவதுக்கானது பதுங்கிக் கிடக்கிறது. 1950-களில் மூன்றாவது ஸ்ட்ரிங்கும் சுற்றுக்கம்பியாக (மேலே மெல்லிய கம்பி சுற்றியதாக) இருந்த காலத்து வழக்கம் அது. என் கிட்டாரில் ஆறும் ஒரே மட்டம்! பிக்கப்புகளைத் தாங்கும் முன்தகடான பிக்கார்டின் 11 ஸ்க்ரூவையும் கழற்றித் திருப்பினேன். அல்னிகோ என்றால் அந்த ஆறு குச்சிகளே காந்தம். இதில் வெறும் இரும்புக் குச்சி, அடியில் சாம்பல் நிறத்தில் ஒரு செராமிக் கட்டி ஒட்டியிருந்தது. மலிவான கிட்டார்களில் வருவது.

கடைக்குப் போனேன். "தம்பி, நீங்க தந்ததத்தான் மாட்டியிருக்கேன்" என்றார். பெட்டி எங்கே என்றால், குப்பையில் போட்டாச்சாம். போனில் இருந்த படத்தைக் காட்டினேன். "இது உங்க பிக்கப்தான்னு எப்படித் தெரியும்?" அதற்கு என்னிடம் பதில் இல்லை. கொடுப்பதற்கு முன் ஒவ்வொரு பிக்கப்பின் அடியிலும் மார்க்கரில் ஒரு கோடு போட்டு, கடைக்காரர் முன்னாலேயே படம் எடுத்திருந்தால் இருந்திருக்கும். கழற்றிய சாமானும் காலிப் பெட்டியும் திரும்ப வேண்டும் என்று அப்போதே சொல்லியிருக்கவும் வேண்டும்.

மிச்சத்தை வீட்டிலேயே சரிசெய்தேன். நெக்குக்குள் இருக்கும் ட்ரஸ் ராட் கம்பியை அளவுக்கு மீறி முறுக்கி, நெக்கைப் பின்பக்கம் வளைத்து வைத்திருந்தார்கள். ஆறாவது ஸ்ட்ரிங்கை முதல் ஃப்ரெட்டிலும் நெக் முடிகிற இடத்திலும் அழுத்தினால், நடுவில் ஒரு விசிட்டிங் கார்டு நுழைகிற இடைவெளியாவது வேண்டும். எனக்குப் பேப்பர்கூட நுழையவில்லை. கால் சுற்று தளர்த்தி, ஒரு ராத்திரி விட்டு, மறுபடி கால் சுற்று. ஜிர் போயிற்று. உறுமலுக்குக் காரணம், ட்ரெமலோ (ஸ்ட்ரிங் சத்தத்தை நெளிக்கிற கைப்பிடி) ஸ்பிரிங் மாட்டும் தகட்டில் பற்றவைக்காமல் தொங்கவிட்ட கிரவுண்டு ஒயர். அந்தத் தகடு சூட்டைக் குடித்துவிடும், 25 வாட் அயர்ன் காணாது. பக்கத்து டிவி மெக்கானிக் அண்ணன் 60 வாட்டில் ஒரே தொடலில் ஒட்டிவிட்டார். காசு வாங்கவில்லை.

செராமிக் பிக்கப் இன்னும் அதிலேதான் கிடக்கிறது. போன வாரம் அத்தான் கூப்பிட்டு, "சத்தம் எப்படி மாப்ளே?" என்றார். அடிபொளி என்று சொல்லிவைத்திருக்கிறேன்.