கையச்சு மரமா, நீளத் தாளா, மடிப்புப் படமா? குழந்தைகள் சேர்ந்து வரைய எது நல்லது?

ஆகஸ்ட் முதல் ஞாயிறு நண்பர்கள் தினம். அது நெருங்கும்போது எல்.கே.ஜி., யூ.கே.ஜி. வகுப்புகளில் ஒரு மரம் முளைத்துவிடும். சார்ட்டில் டீச்சர் அடிமரத்தை வரைந்து வைப்பார். ஒவ்வொரு குழந்தையும் பெயின்ட் தோய்த்த உள்ளங்கையைப் பதித்துவிட்டுப் போகும். இலைகள் தயார், மேலே ‘நாங்கள் நண்பர்கள்’ என்று ஒரு தலைப்பு. பார்க்க அழகுதான், பெற்றோருக்கும் பிடிக்கும். ஆனால் அந்த மரத்தில் ஒரு குழந்தைக்கு இன்னொரு குழந்தை எங்கே தேவைப்பட்டது? பக்கத்து இலை யாருடையது என்றுகூடத் தெரியாமல் கை கழுவப் போய்விடுகிறார்கள்.

மூன்று வயதுக்காரர்களிடம் அதற்கு மேல் எதிர்பார்க்கவும் முடியாது. சின்னக் குழந்தைகள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து தனித்தனியாகத்தான் விளையாடுவார்கள், சேர்ந்து விளையாடுவது பிறகுதான் வளரும் என்று அமெரிக்க ஆய்வாளர் மில்ட்ரெட் பார்ட்டன் 1932லேயே எழுதியிருக்கிறார். அதனால் கையச்சு மரத்தை நான் ஒதுக்கச் சொல்லவில்லை. ஒன்றை மட்டும் மாற்றலாம்: பெயின்டை டீச்சர் பூசாமல், ஒரு குழந்தையின் கையில் இன்னொரு குழந்தை பிரஷால் பூசட்டும். “கூசுதா?” என்று ஒன்று கேட்கும், இன்னொன்று சிரித்துக்கொண்டே கையை இழுத்துக்கொள்ளும். இழுத்தால் நிறுத்த வேண்டும் என்பதையும் அங்கேயே பழக்கிவிடலாம்.

நான்கு, ஐந்து வயதுக்கு நீளத் தாள்தான் என் தேர்வு. பிரவுன் பேப்பர் ரோலை வராந்தாவில் விரித்து, இருபுறமுமாகச் சேர்த்து ஐந்தாறு பேரை உட்கார வைத்தால் போதும். ‘இஷ்டப்பட்டதை வரையுங்கள்’ என்று மட்டும் விட்டுவிடக் கூடாது. விட்டால் ஆளுக்கொரு சூரியன், ஆளுக்கொரு மலை வந்து நிற்கும், அதுவும் கையச்சு மரம் மாதிரிதான். ‘இது நம்ம தெரு. ஒருத்தர் வீட்டிலிருந்து இன்னொருத்தர் வீட்டுக்கு வழி இருக்கணும்’ என்று சொல்லிப் பாருங்கள். உடனே பேச்சு தொடங்கும். ரோடு எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், நடுவில் குளம் வந்தால் பாலம் யார் போடுவது என்று கேள்விகள் வரும்.

சண்டையும் வரும். “மிஸ், என் வீட்டு மேல இவன் கிறுக்கிட்டான்!” இந்த முறையில் எனக்கு முக்கியமாகப் படுவதே அந்த இடம்தான். அழிக்க முடியாத கோட்டை என்ன செய்வது என்று இருவரையும் கேட்டால், மழை என்பார்கள், கரன்ட் கம்பி என்பார்கள். கோடு போட்டவனே வந்து கம்பத்தையும் நட்டுக்கொடுப்பான். டீச்சர் தீர்ப்பு சொல்லிவிட்டால் இது நடக்காது. கிரேயான் இரண்டு பேருக்கு ஒரு பெட்டி போதும். அதற்கும் குறைத்தால் நேரமெல்லாம் பறிப்பதிலேயே போய்விடும். வாய் பேசாத குழந்தையை ஓரத்தில் விடாமல் நடுவில் உட்கார வையுங்கள். முடிந்ததும் ‘என் துண்டை வீட்டுக்குத் தாங்க’ என்பார்கள், தாளை மட்டும் வெட்டவே கூடாது.

(கலர்க் கோலத்தில் இந்தத் தொல்லை இல்லை, மறுநாள் பெருக்கிவிடுவோம். ஆனால் புள்ளியும் கோடும் பெரியவர்கள் போட்டுக் கொடுப்பதால், அங்கே குழந்தைகள் தாங்களாக முடிவு செய்வது குறைவு.)

மடிப்புப் படம் 1925 வாக்கில் பாரிஸில் சர்ரியலிசக் கலைஞர்கள் (கனவில் வருவது போன்ற விசித்திரங்களைப் படைத்தவர்கள்) கூடி ஆடிய விளையாட்டு. ஒரு ஏ4 தாளை மூன்றாக மடித்து, முதல் ஆள் தலையை வரைந்து மறைத்துவிட வேண்டும். கழுத்துக் கோடு மட்டும் மடிப்பைத் தாண்டி எட்டிப் பார்க்கும். அடுத்தவர் உடம்பு, மூன்றாமவர் கால். பிரித்தால் யானைத் தலைக்குப் பாவாடையும் கோழிக் காலும் இருக்கும். இது ஐந்தரை, ஆறு வயதுக்கு மேல்தான் சரிப்படும். நான்கு வயதில் ஒளித்து வைத்தால் பொறுக்காது, பிரித்துப் பார்த்துவிடுவார்கள். நீளத் தாளில் நடக்கிற பேரமும் சமாதானமும் இதில் இல்லை. ஆனால் ‘எனக்கு வரைய வராது’ என்று ஒதுங்கும் குழந்தைக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. கோணல் காலைப் பார்த்து எல்லாரும் சிரிக்கும்போது வரைந்த குழந்தையும் சேர்ந்தே சிரிக்கிறது, ஏனென்றால் கோணலாக இருந்தால்தான் படமே களைகட்டும். வருஷ நடுவில் புதிதாக வந்து சேர்ந்த குழந்தை இருந்தால் முதலில் இதைத்தான் செய்வேன்.

வகுப்பில் நாற்பது பேர் என்றால் நீளத் தாளை ஒரே நாளில் எல்லாருக்கும் விரிக்க முடியாது, ஐந்தாறு பேராகத்தான் முறைவைத்து உட்கார வைக்கலாம். மடிப்புப் படத்தை எல்லாரும் ஒரே நேரத்தில் செய்யலாம். மூன்று மூன்றாகப் பிரித்தால் ஒரு குழந்தை மிஞ்சும். அதை எந்தக் குழுவில் சேர்க்கிறீர்களோ, அவர்கள் தாளை நான்காக மடித்து, தலைக்கு மேல் தொப்பிக்கு ஒரு கட்டம் விட்டுவிடுங்கள்.