உடற்கல்வி ஆசிரியர் பயிற்சி: தனித்தாளா, எல்லாத் தாளிலுமா, சிறப்புப் பள்ளியிலா?

கொங்கு மண்டலத்துப் பள்ளிகள் பலவற்றில், பி.டி. பீரியடில் நாற்பது பிள்ளைகள் மைதானத்தில் ஓடிக்கொண்டிருக்க, மாற்றுத்திறனாளிக் குழந்தை ஒன்று வேப்பமரத்தடியில் உட்கார்ந்து மற்றவர்களின் செருப்பையும் தண்ணீர் பாட்டிலையும் பார்த்துக்கொண்டிருப்பது இன்றும் சாதாரணமான காட்சிதான். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, அரசின் நிதியோ அங்கீகாரமோ பெற்ற பள்ளிகள் இக்குழந்தைகளைப் பாகுபாடின்றிச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பதோடு, மற்றவர்களுக்கு இணையாக விளையாட்டு வாய்ப்பையும் தர வேண்டும் என்று வெளிப்படையாகச் சொல்கிறது. அதை நிறைவேற்றும் திறமையை வருங்கால உடற்கல்வி ஆசிரியருக்கு எப்படிக் கற்றுத்தருவது என்பதில் மூன்று வழிகள் போட்டியிடுகின்றன. உடற்கல்வி ஆசிரியருக்கான பி.பி.எட். பட்டப்படிப்பில், குழந்தையின் குறைபாட்டுக்கு ஏற்ப ஆட்டத்தை மாற்றிக் கற்பிக்கும் தகவமை உடற்கல்வியைத் தனித்தாளாக வைப்பது ஒன்று. எல்லாத் தாள்களிலும் அதைக் கலந்து நடத்துவது மற்றொன்று. மாணவர்களைச் சிறப்புப் பள்ளிகளுக்குக் களப்பயிற்சிக்கு அனுப்புவது மூன்றாவது.

தனித்தாளின் வலிமை மறுக்க முடியாதது. டவுன் நோய்க்குறி உள்ள சில குழந்தைகளுக்குக் கழுத்தெலும்பு மூட்டு தளர்வாக இருக்கும் என்பதும், மருத்துவர் பார்த்துச் சொல்லும்வரை அவர்களைக் குட்டிக்கரணம் போடவோ தலைகீழாக நிற்கவோ விடக்கூடாது என்பதும், வலிப்பு வரக்கூடிய குழந்தை நீச்சல் குளத்தில் இறங்கினால் அதன்மேல் மட்டும் கண் வைத்திருக்க ஒருவர் வேண்டும் என்பதும் போகிறபோக்கில் கற்றுக்கொள்ளும் செய்திகள் அல்ல. துறை அறிந்த ஒருவர் வரிசையாக நடத்தி, தேர்வில் கேட்டால்தான் மனத்தில் நிற்கும். ஆனால் நான்கு பருவங்களே கொண்ட படிப்பில், இந்தத் தாள் குறைபாட்டின் வரையறை, வகை, காரணம் என்று குறிப்பேட்டை நிரப்பிவிட்டு முடிந்துபோகிறது. சட்டம் வரிசைப்படுத்தும் 21 வகைக் குறைபாடுகளையும் ஒப்பிக்கத் தெரிந்த மாணவருக்கு, அவற்றுள் ஒன்று உள்ள சிறுமி எறிபந்து ஆட வந்து நின்றால் எங்கே நிறுத்துவது என்று தெரிவதில்லை. இந்தக் குழந்தைகள் வேறு பாடம், வேறு யாரோ பார்த்துக்கொள்ள வேண்டியவர்கள் என்ற எண்ணத்தையும் தனித்தாள் சொல்லாமல் சொல்லிவிடுகிறது. எனக்கு இதுவே பெரிய குறையாகப் படுகிறது.

கலந்து நடத்தும் வழி இந்த இடத்தில்தான் முந்துகிறது. கோ-கோ சொல்லித்தரும் வகுப்பை எடுத்துக்கொள்வோம். துரத்துபவர் உட்கார்ந்திருப்பவரின் முதுகைத் தொட்டு 'கோ' என்று உரக்கச் சொல்ல வேண்டும் என்பது விதி. தொடுதலும் குரலும் சேர்ந்தே இருப்பதால், காது கேளாத குழந்தைக்கு வேண்டிய அறிகுறி ஆட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. நடுவரின் விசிலோடு ஒரு வண்ணக்கொடியையும் சேர்த்துவிட்டால் மற்றபடி எதையும் மாற்ற வேண்டியதில்லை. கபடியில் நிலைமை வேறு. பாடிச் செல்வது கட்டாயம் என்பதால், பேச இயலாத பிள்ளை எதிர்ப்பக்கம் போகவே முடியாது என்று முடிவுகட்டிவிடுகிறோம். ஒரு பாட்டுக்கு 30 விநாடிதான் என்ற வரம்பு முன்பே இருக்கும்போது, அந்தப் பிள்ளைக்குப் பாட்டை விட்டுக்கொடுத்து, விநாடிகளை மட்டும் வெளியே ஒருவர் விரல்விட்டுக் காட்டினால் போதும். கைப்பந்து ஆடுகளம் 18 மீட்டர் நீளமும் 9 மீட்டர் அகலமும் கொண்டது. பார்வையற்றோர் ஆடும் கோல்பால் ஆடுகளத்துக்கும் அளவு அதுவேதான். அணிக்கு மூன்று பேர், எல்லாருக்கும் கண்கட்டு, உள்ளே மணி வைத்த பந்து. சிமெண்ட் தளத்தில் கோட்டுக்கு அடியில் ஒரு நூல்கயிற்றை வைத்து மேலே டேப் ஒட்டிவிட்டால், எல்லை எது என்று விரலால் தடவியே அறியலாம். மணிப்பந்து வாங்க நிதி இல்லை என்றால், பனியன் வேஸ்ட் துணியைச் சுருட்டி, நடுவே மாட்டுச் சலங்கை ஒன்றை வைத்து இறுக்கித் தைத்த பந்தைக் கொண்டு, உட்கார்ந்தபடி உருட்டித் தடுக்கும் எளிய வடிவத்தைத் தொடங்கலாம். இரண்டும் நம் ஊரில் கிடைப்பவையே. இத்தகைய மாற்றங்களை அந்தந்த ஆட்டத்தை நடத்தும் பேராசிரியர் அந்த ஆட்டத்தின் விதிகளோடு சேர்த்துச் சொல்லும்போதுதான், அவை சலுகையாகத் தோன்றாமல் கற்பித்தலின் பகுதியாகப் பதிகின்றன. மேலும், திருப்பூரில் தமிழ் அறியாத வெளிமாநிலத் தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளைக்கு விதியைச் செய்துகாட்டிப் புரியவைக்கும் பழக்கமும் இதே வகுப்பில் வந்துவிடும். தனித்தாளில் அந்தப் பிள்ளைக்கு இடமே இல்லை.

இவ்வழியின் ஆபத்து என்னவென்றால், எல்லாருடைய வேலையும் யாருடைய வேலையுமில்லாமல் போவதுதான். தடகளம் நடத்துபவர் இதைக் கபடி நடத்துபவர் சொல்லியிருப்பார் என்று விட்டுவிட்டால், இரண்டு ஆண்டுகளில் ஒருவரும் சொல்லியிருக்க மாட்டார்கள். பேராசிரியர்களில் பலர் தாங்களே இதைப் படிக்காமல் வந்தவர்கள் என்பதையும் மறந்துவிடக்கூடாது.

சிறப்புப் பள்ளிக் களப்பயிற்சி, மாணவரின் அச்சத்தைப் போக்குவதில் மற்ற இரண்டையும் விடச் சிறந்தது. மூளை முடக்குவாதம் உள்ள குழந்தையின் கையைப் பிடித்துப் பந்தை உருட்டவைத்த ஒருவர், அதன் பிறகு அத்தகைய குழந்தையைக் கண்டு ஒதுங்க மாட்டார். கோவையை அடுத்த பெரியநாயக்கன்பாளையத்தில் ராமகிருஷ்ண மிஷன் வித்யாலய வளாகத்தில் உடற்கல்வியும் சிறப்புக் கல்வியும் அருகருகே கற்பிக்கப்படுவது போன்ற வாய்ப்பு எல்லாக் கல்லூரிக்கும் இல்லை. இருக்கிற இடத்தில் அதை முழுமையாகப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். ஆயினும், சிறப்புப் பள்ளியில் வகுப்பு சிறியது, உதவிக்குச் சிறப்பாசிரியர் உண்டு, பிள்ளைகளின் தேவைகளும் பெரும்பாலும் ஒத்தவை. நாற்பது பேருக்கு நடுவே ஒரே ஒரு குழந்தை சக்கர நாற்காலியில் இருக்கும் அரசுப் பள்ளி வகுப்பைத் தனியாளாக நடத்த அது பயிற்சி தராது.

சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியைச் சேர்ந்த மாரியப்பன் தங்கவேலு, ஐந்து வயதில் பேருந்து ஏறிக் கால் சிதைந்த பின்னும், ஊர்ப் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர் ஊக்குவித்ததால் உயரம் தாண்டத் தொடங்கி, 14 வயதில் உடற்குறை இல்லாத மாணவர்களோடு போட்டியிட்டு இரண்டாம் இடம் பெற்றார். ரியோவில் தங்கம், டோக்கியோவில் வெள்ளி, பாரிசில் வெண்கலம் என மூன்று பாராலிம்பிக் போட்டிகளில் பதக்கங்கள் பின்னர் வந்தவை. அவருக்கு வாசல் திறந்தது சாதாரணப் பள்ளி மைதானம். ஆனால் பதக்கம் வாங்கக்கூடிய பிள்ளையைத் தேடிப்பிடிப்பதற்காக இந்தப் பயிற்சி என்று கொண்டால், மரத்தடிக் குழந்தைகளில் பெரும்பாலோர் மரத்தடியிலேயே இருந்துவிடுவார்கள்.

பணியில் இருப்பவர்களுக்கு நடத்தும் ஓரிரு நாள் பயிற்சி முகாம், இந்த மூன்றுக்கும் மாற்றாகாது. ஆனால் முன்பே படித்து முடித்து வந்துவிட்ட ஆசிரியர்களையும் பகுதிநேர ஆசிரியர்களையும் எட்ட வேறு வழி இல்லாததால், அதையும் தொடரத்தான் வேண்டும்.

ஒன்றைத்தான் முதலில் செய்ய முடியும் என்ற நிலையில் உள்ள கல்லூரிக்கு, கலந்து நடத்தும் வழியையே நான் பரிந்துரைப்பேன். தனித்தாளைப் பாதுகாப்புச் செய்திகளுக்கு மட்டுமெனச் சுருக்கி வைத்துக்கொண்டு, சிறப்புப் பள்ளிக்கு அனுப்புவதை முதல் ஆண்டிலேயே முடித்துவிடலாம். கலந்து நடத்துவது பெயரளவில் நின்றுவிடாதிருக்க, கற்பித்தல் பயிற்சியின் மதிப்பெண்ணோடு அதைக் கட்டிப்போட வேண்டும். பயிற்சி மாணவர் வகுப்புக்கு முன் எழுதும் ஒவ்வொரு வகுப்புத் திட்டத்திலும் இடம், செயல், கருவி, உடன் ஆடுபவர் ஆகிய நான்கில் எதை எந்தக் குழந்தைக்காக மாற்றுகிறேன் என்று எழுதும் ஒரு கட்டம் இருக்கட்டும். மேற்பார்வைக்கு வரும் பேராசிரியர், கோடு நேராக இருக்கிறதா, விசில் கணீரென்று ஒலிக்கிறதா என்று பார்ப்பதோடு, அந்தக் குழந்தை எத்தனை நிமிடம் ஆட்டத்துக்குள் இருந்தது என்பதையும் கடிகாரம் பார்த்துக் குறித்து, அதற்கு மதிப்பெண் இடட்டும். அக மதிப்பீடு கல்லூரியின் கையிலேயே இருப்பதால், பல்கலைக்கழகம் பாடத்திட்டத்தைத் திருத்தும்வரை காத்திருக்காமல், வரும் பருவத்திலேயே இதைத் தொடங்கிவிடலாம்.