டிஜிட்டல் ரூபாய்: இரண்டு வருஷத்துக்கு மேல் பயன்படுத்திய பிறகு

2022 டிசம்பர் 1-ல் ரிசர்வ் வங்கி மும்பை, டெல்லி, பெங்களூரு, புவனேஸ்வர் ஆகிய நாலு ஊர்களில் டிஜிட்டல் ரூபாயைச் சோதனைக்கு விட்டது. நான் பெங்களூருவாசி, சில மாதங்களில் எனக்கும் வாலட் (போன் செயலிக்குள் இருக்கும் பர்ஸ்) கிடைத்தது, அன்றிலிருந்து மளிகைக்கும் காய்கறிக்கும் இதில்தான் கொடுக்கிறேன்.

யுபிஐ இருக்க இது எதற்கு என்று எல்லோரும் கேட்கிறார்கள். யுபிஐ-யில் வங்கிக் கணக்கிலிருந்து பணம் நகர்கிறது. இங்கே வாலட்டில் இருப்பதே பணம், காகித நோட்டைப் போல ரிசர்வ் வங்கி நேரடியாகப் பொறுப்பேற்பது. திரையில் 10, 50, 100 என்று நோட்டுகளே தெரியும், வட்டி கிடையாது. வட்டி கொடுத்தால் டெபாசிட்டை எல்லாம் எடுத்து இதில் போட்டுவிடுவார்கள், வங்கிகள் ஆட்டம் காணும் என்ற பயம் ரிசர்வ் வங்கிக்கு. அது நியாயமான பயம்தான். எனக்குப் பிடித்தது, பாஸ்புக்கில் வாலட்டுக்கு மாற்றிய தொகை மட்டும் ஒரு வரியாக வரும், டீக்குக் கொடுத்த பதினைந்து ரூபாயெல்லாம் வராது.

போன வருஷம் மழையில் போன் நனைந்து செத்துப்போனது, உள்ளே 1,800 ரூபாய். கிளையில் கேட்டால் அங்கிருந்தவருக்கு டிஜிட்டல் ரூபாய் என்றால் என்னவென்றே தெரியவில்லை, கிரிப்டோவா என்று திருப்பிக் கேட்டார். சிம்மும் போயிருந்ததால் அதே எண்ணுக்கு டூப்ளிகேட் சிம் வாங்கி, புதுப் போனில் செயலியைப் போட்டு, வாலட் பின்னைக் கொடுத்ததும் முழுத் தொகையும் வந்துவிட்டது. பெரிய நிம்மதி.

ஆனால் அன்றைக்கு ராத்திரி யோசித்துப் பார்த்தேன். பர்ஸ் தொலைந்தால் பணம் போச்சு, ஏனென்றால் நோட்டில் யார் பேரும் இல்லை. இது திரும்பி வந்ததென்றால் யாருடையது என்று எங்கேயோ எழுதியிருக்கிறது. பாதுகாப்பும் கண்காணிப்பும் ஒரே கயிற்றின் இரண்டு முனை. சிறு தொகைக்கு அடையாளம் தெரியாது, பெரிய தொகைக்குத் தடம் இருக்கும் என்று ரிசர்வ் வங்கி 2022-லேயே எழுதியது. இந்த ரகசியத்தைக் காக்க, பரிவர்த்தனைப் பதிவை நிரந்தரமாக அழிப்பது, சட்டத்திலேயே அதற்கு இடம் கொடுப்பது போன்ற வழிகளை வங்கியின் அப்போதைய ஆளுநர் சக்திகாந்த தாஸ் 2024-ல் சொன்னார். எனக்குச் சட்டம்தான் வேண்டும். செயலியின் விதியை ஒரு அப்டேட்டில் மாற்றிவிடலாம், சட்டத்தை அப்படி மாற்ற முடியாது.

2025 மார்ச்சில் புழக்கத்தில் இருந்தது 1,016 கோடி ரூபாய்தான். நம் காகித நோட்டுக்கு முன்னால் இது தூசு, அதனால் இந்தக் கேள்வியை இப்போதே கேட்டுவிடுவது சுலபம். சட்டம் வரும்வரை நான் வாலட்டில் இரண்டாயிரத்துக்கு மேல் வைப்பதில்லை, மருந்துக் கடையில் மட்டும் நோட்டாகவே நீட்டுகிறேன்.