ஆப்பிளோடு வந்த வெற்றுப் பத்திரம்

உங்கள் வீட்டில் லாரி, டிரெய்லர் ஓட்டுகிறவர் யாராவது இருந்தால் இதைப் படித்துவிடுங்கள். நான் தண்டையார்பேட்டையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். வாடகை ஒப்பந்தம், கடன் பத்திரம் என்று தினமும் நாலைந்து டைப் அடித்துக் கொடுக்கிறவன். லாரி ஓட்டும் என் சொந்த அண்ணனிடமே வெற்றுப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிப் போய்விட்டார்கள்.

2023 ஆகஸ்ட். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில், துறைமுகத்துக்குள் போகக் காத்துக்கிடக்கும் வண்டி வரிசை. ராத்திரி இரண்டு மணிக்கு அண்ணன் வண்டியில் டயர் போய்விட்டது. கிளீனர் கிடையாது, செலவு என்று ஓனர் நிறுத்தி ஒரு வருஷமாகியிருந்தது. தனியாளாக ஸ்டெப்னியை இறக்கி, கடப்பாரையால் நெம்பி மாட்டும்போது இடுப்பில் சுரீரென்று பிடித்திருக்கிறது. அப்படியே உட்கார்ந்தவரால் எழுந்திருக்க முடியவில்லை. பின்னால் நின்ற வண்டிக்காரர்தான் பார்த்துவிட்டு கம்பெனிக்குப் போன் போட்டார்.

மேனேஜரே வந்து தனக்குத் தெரிந்த ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தார். எல்4, எல்5 எலும்புக்கு நடுவே டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துவதாக ஸ்கேனில் வந்தது. எவ்வளவு நல்ல மனுஷன் என்று அண்ணி கையெடுத்துக் கும்பிட்டார். "வேலையில் அடிபட்டதுன்னு சொன்னா போலீஸ், கோர்ட்னு அலையணும்பா" என்று சொல்லி, கேஸ் ஷீட்டில் 'வீட்டில் வழுக்கி விழுந்தார்' என்று மேனேஜர் எழுத வைத்தது அப்போது எங்களுக்கு உறைக்கவில்லை. இன்றுவரை எங்கள் கழுத்தைப் பிடிப்பது அந்த மூன்று வார்த்தைதான்.

மூன்றாம் நாள் ஆப்பிள், ஹார்லிக்ஸ், 35,000 ரூபாய் ரொக்கத்தோடு வந்தார். கூடவே ஒரு 20 ரூபாய் பத்திரம். "பணம் வாங்கினதுக்கு ஒரு ரசீதுப்பா, அப்புறம் டைப் அடிச்சுக்கிறேன்." அண்ணி டீ வாங்கக் கீழே போயிருந்த நேரம். அண்ணன் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

டிசம்பர் ஆகியும் வண்டி ஏற முடியவில்லை. ஓனரிடம் கேட்டதற்கு, எல்லாம் செட்டில் ஆகிவிட்டதே என்று அந்தப் பத்திரத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். 'ஆக்டிங் டிரைவராக வந்தவர், முழுத் தொகையும் பெற்றுக்கொண்டார், இனி எந்த உரிமையும் கோரமாட்டார்.' என் தொழில் கண்ணுக்கு உடனே தெரிந்தது: கையெழுத்துக்கு மேலே இடம் போதாமல் கடைசி இரண்டு வரியை மட்டும் எழுத்தளவைக் குறைத்து நெருக்கியிருந்தார்கள்.

அப்புறம்தான் விசாரிக்க ஆரம்பித்தேன். எங்கள் வழக்கு 1923ஆம் வருஷத்துப் பணியாளர் இழப்பீட்டுச் சட்டத்தில் நடக்கிறது. (2025 நவம்பர் 21 முதல் இது சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டது. புதிதாக அடிபட்டவர்கள் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். இ.எஸ்.ஐ. பிடித்தம் இருப்பவர்களுக்கும் வழி வேறு.) நிரந்தரப் பாதிப்பு என்றால் மாதச் சம்பளத்தில் 60 சதவீதத்தை வயதுக்குரிய காரணி எண்ணால் பெருக்க வேண்டும். சம்பளம் எவ்வளவு அதிகமாக இருந்தாலும் 15,000 ரூபாய் வரைதான் கணக்கு. அண்ணனுக்கு அப்போது 40 வயது, காரணி எண் 184.17. சம்பாதிக்கும் திறனில் 30 சதவீதம் போய்விட்டது என்று டாக்டர் சான்று கொடுத்தால்கூட, அந்தப் பெருக்குத் தொகையில் 30 சதவீதமாக 4,97,259 ரூபாய் வருகிறது. மருத்துவச் செலவு தனி. மேனேஜர் கொடுத்தது 35,000.

அந்தப் பத்திரத்தைப் பார்த்துப் பயந்துதான் ஆறு மாதம் சும்மா இருந்தோம். மொத்தமாகப் பணம் கொடுத்து முடிப்பதாக இருந்தால் அந்த ஒப்பந்தத்தைத் தொழிலாளர் துணை ஆணையரிடம் பதிவு செய்திருக்க வேண்டும். செய்யாவிட்டால் முழு இழப்பீட்டுக்கும் முதலாளிதான் பொறுப்பு. சட்ட உரிமையை எழுதிக் கொடுத்துவிட்டதாகச் சொல்லும் ஒப்பந்தமும் செல்லாது. ஆக்டிங் டிரைவர் என்ற சாக்கும் எடுபடாது என்றார் வக்கீல். எனக்கு எரிச்சல் என்னவென்றால், ஓனர் கைக்காசு போகப்போவதே இல்லை. லாரி இன்சூரன்ஸிலேயே டிரைவருக்கான பொறுப்பும் அடக்கம்.

நடுவில் ஒரு புரோக்கர் வந்து 30 சதவீதம் கேட்டான். அனுப்பிவிட்டோம். விபத்து நடந்து இரண்டு வருஷத்துக்குள் மனு போட வேண்டும் என்பதால் 2024இல் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் உள்ள துணை ஆணையர் அலுவலகத்தில் போட்டோம்.

சம்பளம் கையில்தான், ரசீது கிடையாது. கைகொடுத்தது அண்ணன் போனில் அழிக்காமல் கிடந்த டிரிப் ஷீட் போட்டோக்களும், 'இன்னுமா ஸ்டெப்னி மாத்தலை?' என்று அன்றைக்கு ராத்திரி சூப்பர்வைசர் அனுப்பிய வாய்ஸ் மெசேஜும்தான். போனை மாற்றுகிறவர்கள் பழைய வாட்ஸ்அப்பை அழித்துவிடாதீர்கள். அடிபட்டால் முதலில் அரசு மருத்துவமனைக்குப் போய், எங்கே, என்ன வேலை செய்யும்போது என்பதைச் சரியாகச் சொல்லி ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) காப்பி வாங்குங்கள். நாங்கள் அதைச் செய்யவில்லை. இப்போது இன்சூரன்ஸ்காரர்கள் ஒரு வாய்தாவில் 'வீட்டில் விழுந்தார்' என்கிறார்கள், அடுத்த வாய்தாவில் 'வயசுத் தேய்மானம்' என்கிறார்கள்.

வாய்தாவுக்குப் போனால் அண்ணனால் அங்கே பெஞ்சில் அரை மணி நேரம் உட்கார முடியாது. சுவரில் சாய்ந்து நின்றபடியே பெயர் கூப்பிடக் காத்திருப்பார். போன தடவை மேனேஜரும் வந்திருந்தார். "என்னப்பா, உடம்பு பரவாயில்லையா?" என்று தோளில் தட்டிவிட்டுப் போனார்.