மர வள்ளமும் ஃபைபர் வள்ளமும்: பாய் கட்டி ஓட்டிப் பார்த்த பதினாறு ஆண்டுகள்

2008-இல் படகு கட்டும் தச்சரான ஓடாவியிடம் சொல்லிச் செய்த மர வள்ளம் ஒன்று, 2014-இல் வாங்கிய, கண்ணாடி இழையாலான ஃபைபர் வள்ளம் ஒன்று என்று எங்கள் வீட்டில் இரண்டு இருக்கின்றன. இரண்டும் 28 அடி. டீசல் எஞ்சின் இரண்டிலும் உண்டு. காற்று சாதகமாக இருந்தால் இரண்டிலும் பாய் விரிக்கிறோம். அதிராம்பட்டினத்துக்கும் முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்கும் இடைப்பட்ட கடலில் நண்டு வலை போடுவதுதான் தொழில். புதிதாகப் படகு வாங்கப் போகிறவர்கள் எதை வாங்கலாம் என்று அடிக்கடி கேட்கிறார்கள். அவர்களுக்காக எழுதுகிறேன்.

பாமணியாறும் கோரையாறும் வந்து சேரும் கழிமுகத்துக்குள் ஃபைபருக்கு நிகர் இல்லை. அங்கே பல இடங்களில் முழங்கால் அளவுதான் தண்ணீர், அடியில் சேறு. எடை குறைந்த ஃபைபர் அதன்மேல் வழுக்கிக்கொண்டு போய்விடும். மர வள்ளமோ தரை தட்டி நிற்கும். மூங்கில் கழியை ஊன்றித் தள்ள வேண்டும், அல்லது கடல்நீர் உயரும் ஏற்றத்துக்குக் காத்திருக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் இரண்டடி ஏறினாலே பெரிய ஏற்றம். கரையில் இழுத்து வைக்கவும் ஃபைபருக்கு எட்டுப் பேர் போதும். மரத்துக்குப் பதினைந்து பேரைக் கூப்பிட வேண்டும்.

கழிமுகத்தைத் தாண்டிப் பாய் விரித்ததும் நிலைமை மாறிவிடும். பாக் விரிகுடாவில் ஆழம் ஏழெட்டுப் பாகம்தான் (ஒரு பாகம் ஏறக்குறைய ஆறடி) என்பதால் அலை நீளமாக வராது. குட்டையாக, செங்குத்தாக, ஒன்றன்மேல் ஒன்றாக வரும். மர வள்ளத்தின் முன்முனையான அணியம் அந்த அலையை அறுத்துக்கொண்டு போகும். காற்று ஒரு நொடி தளர்ந்தாலும் அதன் கனம் ஓட்டத்தை விடாது. மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று வலுத்தால் காற்று வரும் பக்கமாகப் பலகையை நீட்டி, அதன் நுனியில் அண்ணன் மகன் போய் உட்காருவான். வள்ளம் நிமிரும், சுக்கான் கைக்கு லேசாகும். அந்த நிலையில் எஞ்சினை நிறுத்திவிட்டுக் கரை வரை வந்த நாட்கள் ஏராளம். அன்றைக்கெல்லாம் ஐந்தாறு லிட்டர் டீசல் மிச்சம்.

அதே பாயை ஃபைபரில் கட்டினால் வேகம் வருகிறது, ஆனால் திசை நிற்பதில்லை. தட்டையான அடிப்பாகம் தண்ணீரைப் பிடிக்காமல் பக்கவாட்டில் நழுவுகிறது. மணல் மூட்டை நாலைந்து ஏற்றிப் பார்த்தோம். நழுவுவது குறைந்தது, எடை குறைவு என்ற லாபமும் அதோடு போய்விட்டது. அலையில் அடி அறைவதால் மாலையில் இடுப்பு வலி வேறு. பின்காற்றில் மட்டும்தான் ஃபைபரில் பாய் கட்டுவேன்.

பராமரிப்பு என்று வந்தால் மரம் ஆளை விடாது. ஆண்டுதோறும் பங்குனியில் கரையேற்றி, அடியில் ஒட்டி வளரும் கொட்டலசைச் சுரண்டி, பலகை இடுக்கில் இருக்கும் பழைய பஞ்சை எடுத்துவிட்டுப் புதுப் பஞ்சு திணித்துக் கலப்பற்று அடிக்க வேண்டும். எண்ணெயில் காய்ச்சிய குங்கிலியம் அதன்மேல். புழு துளைக்காமல் இருக்க வெளிப்புறம் முழுவதும் முந்திரி ஓட்டு எண்ணெய். இறக்கிய முதல் இரண்டு நாள் பலகை ஊறி இறுகும் வரை தண்ணீர் இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். பங்குனி தாண்டினால் நஷ்டம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கும். எங்கள் வள்ளங்களைப் போன்ற நாட்டுப்படகுக்கு அந்தத் தடை இல்லை. எங்களுக்கு நல்ல வருமானம் அந்த நாட்களில்தான். ஃபைபருக்கு இப்படி ஆண்டுதோறும் செய்யும் வேலை எதுவும் கிடையாது. முதல் நான்கு ஆண்டுகள் அதற்காக நான் செலவழித்தது மிகக் குறைவு.

அந்த நம்பிக்கையைக் கஜா புயல் உடைத்தது. 2018 நவம்பர் 16 அதிகாலை இரண்டு வள்ளங்களையும் தூக்கிக் கருவேலங்காட்டுக்குள் போட்டது. மரத்தில் இரண்டு பலகை பிளந்து, பலகைகளை உள்ளே தாங்கும் விலா போன்ற வங்குக்கால் ஒன்று முறிந்து கிடந்தது. பார்த்ததும் வயிறு எரிந்தது. ஆனால் எது உடைந்தது என்பது தெளிவாகத் தெரிந்தது. ஓடாவி வந்து அதை மட்டும் மாற்றினார். ஃபைபரில் மேலே சில கீறல்கள்தான். கார்த்திகை ஈரத்திலேயே மேட் எனும் கண்ணாடி இழை விரிப்பும் ரெசின் பசையும் வைத்து ஒட்டி, தையில் கடலில் இறக்கினோம். அடுத்த ஆடியில், பின்காற்று திடீரென்று பக்கம் மாறி அறைந்தபோது, பாய்மரத்தைத் தாங்கும் குறுக்குப்பலகை வள்ளத்தின் பக்கச் சுவரிலிருந்து உரிந்து வந்தது. பாய்மரம் கடலில் விழுந்தது. மூன்று பேர் இருந்தோம். யாருக்கும் அடியில்லை, அது தெய்வாதீனம். கரையில் பிரித்துப் பார்த்தபோது கண்ணாடி இழை அடுக்குகள் உள்ளுக்குள் தனித்தனியாகப் பிரிந்திருந்தன. வெளியே மட்டும் வழவழப்பு. ஆறு மாதம் அந்த நிலையிலேயே அதை ஓட்டியிருக்கிறோம்.

ஆகவே பழைய ஃபைபர் வாங்குகிறவர்கள் நிறத்தைப் பார்க்க வேண்டாம். ஒரு நாணயத்தை எடுத்து அணியம் முதல் பின்முனையான அமரம் வரை தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்ற ஒலி மங்கி ‘பொத்’தென்று கேட்கும் இடத்தில் அடுக்கு விட்டிருக்கிறது. குறுக்குப்பலகை சேரும் இடங்களையும் எஞ்சின் உட்காரும் பலகையையும் கட்டாயம் தட்டிப் பாருங்கள். ஒட்டு வேலையை மழைக்காலத்தில் செய்யவே செய்யாதீர்கள். ஈரத்தின்மேல் வைத்த ரெசின் பிடிக்காது.

கழிமுகத்துக்குள்ளேயே தொழில் செய்கிறவர்கள் ஃபைபர் வாங்குங்கள், தயங்க வேண்டாம். வெளிக்கடலில் பாயை நம்பி ஓடுகிறவர்களுக்கு மரத்தைத்தான் சொல்வேன், கலப்பற்று அடிக்க ஆள் கிடைத்தால். எங்கள் ஓடாவிக்கு எழுபது தாண்டிவிட்டது, பார்வை மங்குகிறது. போன பங்குனியில் அண்ணன் மகனை அவர் பக்கத்தில் உட்கார வைத்தேன். அணியப் பக்கத்து இடுக்கு மூன்றும் அவன் பஞ்சு திணித்தவை. இன்றுவரை ஒரு சொட்டுக் கசியவில்லை.