டோட்டோ-சான்: வீட்டோடு உட்கார்ந்து வாசிக்க ஒரு புத்தகம்

குழந்தைகள் கிளாசிக் என்று விற்கிற சுருக்கப் பதிப்புகளை வாங்கி வாங்கி அலுத்துவிட்டது. பெரிய நாவலை நறுக்கி நாற்பது பக்கமாக்கி, கடைசியில் கேள்விகளும் அருஞ்சொற்பொருளும் போட்டுக் கொடுக்கிறார்கள். அதை நாம் வாசித்துக் காட்டினால் பிள்ளைகளுக்கு இன்னொரு பாடப்புத்தகம், அவ்வளவுதான். அதனால் வீட்டில் எல்லோரும் சேர்ந்து வாசிக்க என்ன வாங்கலாம் என்று யாராவது கேட்டால் நான் யோசிக்காமல் சொல்வது டோட்டோ-சான். தெத்சுகோ குரோயாநாகி எழுதி 1981ல் ஜப்பானில் வந்த புத்தகம். தமிழில் அ. வள்ளிநாயகமும் சொ. பிரபாகரனும் மொழிபெயர்க்க நேஷனல் புக் டிரஸ்ட் வெளியிட்டது.

எங்கள் வீட்டில் பையன் ஆறாவது, பெண் மூன்றாவது. கூடவே மாமியார். ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் நானோ வீட்டுக்காரரோ வாசிப்போம், சில நாள் பையனே வாசிப்பான். இந்தப் புத்தகம் இதற்கு ஏன் இவ்வளவு தோதாக இருக்கிறது என்றால், அத்தியாயங்கள் எல்லாம் குட்டிக் குட்டி, பல அத்தியாயங்கள் இரண்டு மூன்று பக்கம்தான், ஒவ்வொன்றும் தனிக் கதை மாதிரி முடிந்துவிடும். நடுவில் நாலு நாள் விட்டுப்போனாலும் "எங்கே விட்டோம்" என்று தேட வேண்டியதில்லை.

எல்லாம் நடந்த விஷயம், டோட்டோ என்பது எழுதியவரேதான், சின்ன வயதில். ஒன்றாம் வகுப்பிலேயே ஒரு பள்ளிக்கூடம் டோட்டோவை வெளியே அனுப்பிவிடுகிறது. காரணம், மேசை மூடியை நூறு தடவை திறந்து மூடுவாள், ஜன்னலில் நின்று தெருவில் போகிற வாத்தியக்காரர்களைக் கூப்பிடுவாள், கூடு கட்டுகிற குருவியிடம் என்ன செய்கிறாய் என்று கேட்பாள். அம்மா அவளை டோக்கியோவின் ஜியுகவோகாவில் இருந்த தோமோயே பள்ளிக்கு அழைத்துப் போகிறாள். பழைய ரயில் பெட்டிகள்தான் அங்கே வகுப்பறை. தலைமையாசிரியர் சோசாகு கோபயாஷி அவள் பேசுவதை நாலு மணி நேரம் உட்கார்ந்து கேட்கிறார். பழைய பள்ளியிலிருந்து அனுப்பிவிட்டார்கள் என்பதை அம்மா அவளிடம் சொல்லவே இல்லை, இருபது வயதுக்கு மேல்தான் சொல்கிறாள். இந்த இடத்தில் எங்கள் வீட்டில் பெரிய சண்டை. மறைத்தது பொய்தானே என்று பையன், "பச்சப்புள்ளகிட்ட அதச் சொல்லி என்ன ஆகப்போகுது" என்று மாமியார், அன்றைக்கு அடுத்த அத்தியாயத்துக்குப் போகவே முடியவில்லை. இப்படிச் சண்டை வருகிறதே, அதற்காகவே வாங்கலாம்.

பெண்ணுக்குப் பிடித்தது மணிபர்ஸ் கதை. கக்கூஸ் குழிக்குள் விழுந்த மணிபர்ஸைத் தேடி டோட்டோ அகப்பையால் அள்ளி அள்ளி வெளியே குவிக்கிறாள். அந்த வழியாக வருகிற தலைமையாசிரியர் திட்டவும் இல்லை, உதவவும் இல்லை, முடிந்ததும் எல்லாவற்றையும் திரும்ப உள்ளே போட்டுவிடுவாய்தானே என்று மட்டும் கேட்டுவிட்டுப் போகிறார். மணிபர்ஸ் கிடைக்காது. இவள் இதைத் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொல்லி, சாப்பிடும்போதும் இதையே பேசி, எல்லோருக்கும் போதும் போதும் என்றாகிவிட்டது.

மதிய உணவில் 'கடலிலிருந்து கொஞ்சம், மலையிலிருந்து கொஞ்சம்' இருக்க வேண்டும் என்பது கோபயாஷியின் ஏற்பாடு. பிள்ளைகள் கொண்டுவந்ததில் எது குறைகிறதோ அதை அவர் மனைவி சட்டியிலிருந்து எடுத்து வைப்பார். இது எங்கள் சமையலறைக்கும் வந்துவிட்டது. நெத்திலிக் கருவாடு கடல், கத்தரிக்காய் மலை, சரி, தயிர் எந்தப் பக்கம்? இன்னும் தீரவில்லை.

தடுக்குகிற இடங்களும் உண்டு. முதல் சில நாள் ஜப்பானியப் பெயர்கள் மாமியாருக்கு வாயில் நுழையவில்லை, டோட்டோவின் வகுப்புத் தோழன் யாசுவாகி-சானைக் கடைசிவரை 'அந்தப் போலியோ தம்பி' என்றுதான் சொன்னார். குளத்தில் பிள்ளைகள் எல்லோரும் துணியில்லாமல் நீந்துகிற அத்தியாயம் இருக்கிறது, எந்த உடம்பும் அசிங்கம் இல்லை என்று பிள்ளைகளுக்குத் தெரியட்டும் என்பது கோபயாஷியின் எண்ணம். நம் வீடுகளில் வாசிக்கிறவருக்குக் கொஞ்சம் குரல் கம்மும், பிள்ளைகள் சிரித்துவிட்டு அடுத்ததுக்குப் போய்விடுவார்கள். இன்னொன்று, எல்லாமே இனிப்பாக இருக்கிறது என்று வீட்டுக்காரருக்குக் குறை. அறுபது பேரை ஒரே வகுப்பில் வைத்திருக்கிற டீச்சரிடம் போய் இதைச் சொல்லு என்றார். அந்தப் பள்ளி முழுக்கவே ஐம்பது பிள்ளைகள்தான், அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

முக்கியமான எச்சரிக்கை: பின்பாதியைத் தூங்கப் போகிற நேரத்தில் வாசிக்காதீர்கள். டோட்டோ தன் மரத்தில் யாசுவாகியை ஏணி வைத்து இழுத்து ஏற்றுகிற இடம் புத்தகத்திலேயே மிக அழகானது. அந்த மரத்தின் மேல் உட்கார்ந்துதான் அவன், அமெரிக்காவில் டெலிவிஷன் என்று ஒன்று இருக்கிறதாம் என்கிறான் (பின்னாளில் தொலைக்காட்சியிலேயே வாழப்போகிறவள் அவள், 'தெத்சுகோவின் அறை' நிகழ்ச்சியை 1976லிருந்து நடத்துகிறார்). அந்த யாசுவாகி இறந்துபோகிறான். ராக்கி என்ற நாய் காணாமல் போகிறது. போர் மெதுவாக உள்ளே வருகிறது, அதைப் பிள்ளைகள் தானாகப் பிடிக்க மாட்டார்கள், நாம் நிறுத்திச் சொல்ல வேண்டும். காசு போட்டால் மிட்டாய் தருகிற இயந்திரம் ஏன் காலியாக இருக்கிறது, ராணுவப் பாட்டு வாசித்தால் அரிசியும் சர்க்கரையும் கிடைக்கும் என்றபோதும் டோட்டோவின் அப்பா ஏன் வயலினை எடுக்கவில்லை என்றெல்லாம். 1945ல் குண்டு விழுந்து பள்ளி எரிகிறபோது, அடுத்து எப்படிப்பட்ட பள்ளி கட்டலாம் என்று தன் மகனிடம் கேட்கிறார் கோபயாஷி. எங்கள் பையன் அன்றைக்கு வேறு எதுவும் கேட்கவில்லை, அப்புறம் கட்டினாரா என்று மட்டும் கேட்டான். அவர் நினைத்த மாதிரி ஒன்றைக் கட்டுவதற்குள் 1963ல் இறந்துவிட்டார் என்று சொன்னேன்.

எட்டு வயதுக்கு மேல் என்றால் சரியாக இருக்கும், அதற்குக் கீழே மணிபர்ஸ், மதிய உணவு மாதிரி அத்தியாயங்களைப் பொறுக்கி வாசிக்கலாம். பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் நீயே வாசி என்று கொடுத்தால் பாதியில் வைத்துவிட வாய்ப்பு அதிகம், பெரிய திருப்பம் எதுவும் இல்லாத புத்தகம். எனக்கு வந்த பிரதி ஆன்லைனில் வாங்கியது, அட்டை மடங்கி வந்தது, முடிந்தால் புத்தகக் கண்காட்சியில் புரட்டிப் பார்த்து வாங்குங்கள். 2023ல் அனிமேஷன் படமும் வந்திருக்கிறது, அதைப் புத்தகம் முடிந்தபிறகு போடுங்கள், முதலிலேயே போட்டால் வாசிக்க ஆள் இருக்காது.