ஐயெல்ட்ஸ் ரைட்டிங்: திருச்சி மாடி வகுப்பு எப்படி?

வெளிநாடு போக எழுதும் ஐயெல்ட்ஸ் ஆங்கிலத் தேர்வில் லிசனிங், ரீடிங், ஸ்பீக்கிங் எல்லாம் 7-ஐத் தாண்டியும் ரைட்டிங் மட்டும் 6-இலேயே நிற்கிறவர்களுக்கான வகுப்பு இது. ஆங்கிலத்தை அடியிலிருந்து கற்க நினைப்பவர்களுக்கு ஒத்துவராது. ஓய்வுபெற்ற கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் தன் வீட்டு மாடியில் நடத்துகிறார். போர்டு இல்லை, விளம்பரம் இல்லை. ஏற்கெனவே இங்கிலாந்து போய்ச் சேர்ந்த சிஸ்டர்கள் சொல்லித்தான் எங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து ஆட்கள் போகிறார்கள். மாதம் 4,500 ரூபாய். பரீட்சைக் கட்டணமே 17,000 ரூபாய்க்குக் குறையாது என்னும்போது இது பெரிய தொகை இல்லை.

இங்கிலாந்தில் நர்ஸாகப் பதிவு செய்ய, அந்த நாட்டு நர்ஸிங் கவுன்சிலான என்எம்சி, ஐயெல்ட்ஸின் அகாடெமிக் வகையில் ரைட்டிங்கில் 6.5, மற்ற மூன்றிலும் 7 கேட்கிறது. முன்பு ரைட்டிங்குக்கும் 7 தான்; 2018 கடைசியில் குறைத்தார்கள். குறைத்த பிறகும் எங்கள் ஆட்கள் மாட்டிக்கொள்வது அந்த ஒன்றில்தான்.

நான் முதலில் சேர்ந்தது ஏசி போட்ட ஒரு பெரிய சென்டரில். முதல் நாளே அச்சடித்த தாள் ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டார்கள். தொடக்க வரி தயார், முடிவு வரி தயார். நடுவில் ஃபர்ஸ்ட்லி, மோர்ஓவர், ஃபர்தர்மோர் போட்டு, கோடிட்ட இடத்தில் தலைப்பை நிரப்ப வேண்டியதுதான். மார்க் போடும் அளவுகோலின் பொதுப் பதிப்பு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அதில் 6 பேண்டுக்கான (ஐயெல்ட்ஸில் மார்க்கை பேண்ட் என்பார்கள்) கட்டத்தில், வாக்கியங்களை இணைக்கும் விதம் பிழையாகவோ இயந்திரத்தனமாகவோ இருக்கலாம் என்று போட்டிருக்கிறது. ஆக, அந்த சென்டர் பணம் வாங்கிக்கொண்டு 6 எடுக்கத்தான் பழக்கியிருக்கிறது!

மாடி வகுப்புப் பேராசிரியர் சாரிடம் தொடக்கத்தில் முழுக் கட்டுரையே கிடையாது. ஒரே ஒரு பத்தி. ஏ4 தாளில் இடது பக்கம் தாராளமாக மார்ஜின் விட்டு எழுத வேண்டும். எனக்கு வந்த கேள்வி, அரசு சாலைகளை அகலப்படுத்தச் செலவிடுவதா, பொதுப் போக்குவரத்துக்கா என்பது. பேருந்து அதிகமானால் நெரிசல் குறையும் என்று தொடங்கினேன். அடுத்து பெட்ரோல் விலை, அடுத்து காற்று மாசு, கடைசியில் குழந்தைகளுக்கு ஆஸ்துமா. வாக்கியங்களில் இலக்கணப் பிழை என்று பெரிதாக எதுவும் இல்லை. சார் படித்துவிட்டு, "நெரிசல்னு ஆரம்பிச்சு ஆஸ்துமாவுல முடிச்சிருக்கீங்க. நடுவுல பஸ் எங்கம்மா போச்சு?" என்றார்.

பிறகு பெட்ரோல் வாக்கியத்தை அடித்துவிட்டார். மாசையும் ஆஸ்துமாவையும் வட்டம் போட்டு, 'வேறு பத்தி' என்று எழுதினார். மிஞ்சிய முதல் வாக்கியத்துக்கு எதிரே மார்ஜினில் சிவப்பு மையில் 'எப்படி?' என்று ஒரே சொல். ஒரு பேருந்தில் ஐம்பது பேர் போகலாம் என்று எழுதினேன். மறுபடி 'அதனால்?' அந்த ஐம்பது பேரும் டூவீலரிலும் காரிலும் வந்தால் அதே சாலையில் எவ்வளவு இடம் போகும் என்று எழுதினேன். உதாரணத்துக்கு, சென்டரில் பழகிய புத்தியில், ஏதோ ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழக ஆய்வு என்று ஒன்றைச் சொருகியிருந்தேன். அதையும் அடித்துவிட்டு, "இல்லாத சர்வே எதுக்கு? சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் சாயங்காலம் பார்த்ததை எழுதுங்க" என்றார். சொந்த அனுபவத்திலிருந்து உதாரணம் தரலாம் என்று கேள்வித்தாளிலேயே இருக்கிறதே, நாம்தான் அதைப் படிப்பதில்லை. கடைசி வாக்கியத்தில் முதல் வாக்கியத்தையே வேறு சொற்களில் திருப்பிச் சொல்ல விடமாட்டார். கேட்ட கேள்விக்கு அது பதிலாக வந்து நிற்க வேண்டும். அதே பத்தியை அவர் தலையாட்டும்வரை திரும்பத் திரும்ப எழுத வைத்தார். ஒரு பத்திக்கு இவ்வளவு பாடா என்று எரிச்சல் வரத்தான் செய்தது.

ஆனால் எனக்குச் சட்டென்று பிடிபட்டது. ஷிஃப்ட் முடிந்து அடுத்த நர்ஸிடம் ஹேண்டோவர் கொடுப்பதும் இப்படித்தானே? ஒரு பெட்டைப் பற்றி என்ன, ஏன், அடுத்து என்ன செய்யணும் என்று முடித்துவிட்டுத்தான் அடுத்த பெட்டுக்குப் போவோம்.

ரைட்டிங்கில் இரண்டு பகுதி: டாஸ்க் 1 வரைபடத்தை விவரிப்பது, டாஸ்க் 2 கட்டுரை. டாஸ்க் 2-க்கு டாஸ்க் 1-ஐப் போல இரண்டு மடங்கு மதிப்பு. மொத்தம் 60 நிமிடம். அதில் 40 நிமிடத்தை இந்த 250 சொல் கட்டுரைக்கு ஒதுக்கச் சொல்வார்கள். நான்கு அம்சங்களுக்குச் சமமாக மார்க் பிரிகிறது, பத்தி அமைப்பு அவற்றில் ஒன்றின் கீழ் வருகிறது. 'அப்போ கால் பங்குதானே' என்று கேட்கலாம். கருத்தை வளர்த்துச் சொல்வதற்குத் தனி மார்க் உண்டு, அந்த வளர்ச்சியும் பத்திக்குள்தான் நடக்கிறது. எனக்கு 6 ஆக இருந்தது 6.5 ஆனது. அதற்கு மேல் ஏறவில்லை, எனக்குத் தேவையும் இல்லை.

சரி, குறைகள். சார் தாளில் கையால்தான் எழுத வைப்பார். நான் பதிவு செய்தது கம்ப்யூட்டர் தேர்வுக்கு. அதில் திரையிலேயே சொல் எண்ணிக்கை தெரியும், எழுதிய வாக்கியத்தைத் தூக்கி வேறு இடத்தில் வைக்கலாம். அந்த வசதிகளை எப்படிப் பயன்படுத்துவது என்று அவர் சொல்லித்தருவதில்லை. டைப்பிங்கை வீட்டில் நானாகப் பழகிக்கொண்டேன். டாஸ்க் 1 வரைபடங்களில் அவருக்கு ஆர்வமே இல்லை, கடைசி வாரத்தில் அவசர அவசரமாக ஓட்டிவிட்டார். 'ஏ', 'தி' எங்கே போடுவது என்று கேட்டால், "அது ஸ்கூல் பாடம்மா" என்று நகர்ந்துவிடுவார். வகுப்பு மாலை ஆறு மணிக்கு மட்டும்தான், நைட் ட்யூட்டி வாரத்தில் அரக்கப்பரக்க ஓட வேண்டியிருக்கும். வர முடியாத நாளில் தாளைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் திருத்துவார், பதில் வர இரண்டு மூன்று நாள் ஆகும். அப்புறம், திட்டுவார். அது ஒத்துக்கொள்ளாதவர்கள் ஒரு நாள் சும்மா உட்கார்ந்து பார்த்துவிட்டுப் பணம் கட்டலாம், அதற்கு விடுகிறார்.

கனடா பிஆருக்கு (நிரந்தரமாகக் குடியேற) ஐயெல்ட்ஸின் இன்னொரு வகையான ஜெனரல் ட்ரெய்னிங் எழுதுகிறவர்களுக்கு டாஸ்க் 1-இல் வரைபடத்துக்குப் பதில் கடிதம் வரும். அதை அவர் எடுப்பதே இல்லை.